சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே இட்லி

கலப்பு என்றாலே ஆகாத மனிதர் அவரைப் போல் இன்னொருவர் தமிழ்நாட்டில் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர்க்காரர்களிடமும் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூர் டவுன் பஞ்சாயத்தில் நான் குமாஸ்தா, அவர் மேற்பார்வையாளர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் ஊருக்கு அவர் சுண்ணாம்பு சார்.

பெங்களூர் ரோட்டை ஒட்டிய எங்கள் தெரு இனிமேல் குடியிருப்புத் தெரு, கடையும் பட்டறையும் பஜாருக்குப் போய்விட வேண்டும் என்று பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். நாங்கள் அதைக் கோப்பில் கட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். அவர் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். வீட்டு வாசல்களை ஒட்டித் தெரு நெடுகக் கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே குடித்தனம். வியாபாரம் மூச்சு விடக்கூடாது.

மறுநாள் விடியலில் பெண்கள் வழக்கம்போல வாசலில் சாணி தெளித்துக் கூட்டிக் கோலம் போட்டார்கள். கோடு போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, சர்க்கார் கோட்டை அழிக்கலாமா?"

"வாசல் தெளிக்காம வுட்டா அது வூடு மாதிரியா இருக்கும்? வூடுன்னா வூடா இருக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

சார் நின்று யோசித்தார். அதில் நியாயம் இருந்தது. சாயங்காலம் மறுபடி கோடு போட்டார். சாயங்காலம் அவர் போடுவதும் காலையில் அவர்கள் தெளிப்பதுமாக அந்தத் தெரு நடந்தது.

தையல்கார பாய் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தார். "இது வீட்டுத் துணியா, கூலித் துணியா பாய்?" என்றார் சார். "ரெண்டும்தான் சார்" என்றார் பாய். "ரெண்டையும் கலக்காதீங்க. கூலித் துணியை பஜார்ல தைங்க. வீட்டுத் துணியை இங்க தைங்க." பாய் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்து பார்த்தார். கடைசியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எல்லாவற்றையும் வீட்டுத் துணியாக்கிவிட்டார்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். முதலில் வெறும் சோறு, அப்புறம் சாம்பாரை எடுத்துக் குடிப்பார். கேட்டால், "உள்ள போயி கலக்கட்டும். அது பஞ்சாயத்து எல்லையில வராது" என்பார்.

விளையாட்டு இல்லாமல் போனது அதே தெருவில் இட்லி விற்ற ஆரோக்கியம் என்ற பெண்ணின் விஷயத்தில்தான். புருஷன் லாரி விபத்தில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டின் முன்னறையில் இட்லி, பின்னறையில் படுக்கை. பஜாரில் கடை எடுக்க வழியில்லை. முன்னறையை மூடினால் பின்னறையில் பட்டினி. சுண்ணாம்பு சார் கல்யாணம் ஆகாதவர். தினமும் காலை நாஷ்டா அங்கேதான்.

"ஆரோக்கியம், கடையை மூடணும். இன்னும் ரெண்டு இட்லி வை."

"மூடிக்கிறேன் சார். நாளைக்கு நாஷ்டாவுக்கு நீங்க எங்க போவீங்க?"

"அது வேற விஷயம். இதோட அதைக் கலக்காத."

ஆனால் அன்று அவர் சட்னியைத் தொடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தர்மபுரியிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். தெருவில் கடை இருந்தால் அன்றே சீல். நேராக ஆரோக்கியத்தின் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சர்தார்ஜி லாரி டிரைவர், தையல்கார பாய், இரண்டு கவுடர்கள், ஆளுக்கொரு தட்டு. ஆரோக்கியம் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"இது வீடா, கடையா?" என்றார் அதிகாரி.

கூட வந்திருந்த சுண்ணாம்பு சார் முன்னே வந்தார். "வீடுதாங்க."

"இவங்கல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்க சார்."

அதிகாரி சர்தார்ஜியின் தலைப்பாகையைப் பார்த்தார். "இவருமா?"

"தூரத்துச் சொந்தம் சார்."

"அப்ப நீங்க இவங்களுக்கு யாரு?"

ஆரோக்கியம்தான் முந்திக்கொண்டாள். "எங்கண்ணன்தாங்க. அண்ணே, உக்காரு, இட்லி ஆறிப்போவுது. அந்த சாரையும் உக்காரச் சொல்லு."

அதிகாரியும் உட்கார்ந்தார். இரண்டாவது ஈடு முடிவதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போகும்போது சிரிக்காமல் சொன்னார்: "சொந்தக்காரங்க நிறைய இருக்கிற தெரு. தீர்மானத்தைத் திருத்தி அனுப்புங்க." முன்பக்கம் தொழில், பின்பக்கம் குடித்தனம், இரண்டும் ஒரே கூரையில் இருக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் மாற்றினார்கள். வரைவை எழுதிக்கொடுத்ததே சுண்ணாம்பு சார்தான்.

அதன் பிறகு ஆரோக்கியம் அவரை சார் என்று கூப்பிட்டதே இல்லை. சில வருஷம் கழித்து மூத்தவளுக்கு சர்ச்சில் கல்யாணம். தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். உடன்பிறப்பு என்று யாருமே இல்லாத அந்த மனிதர், நெற்றி நிறைய விபூதியோடு முதல் வரிசையிலிருந்து எழுந்து போய்ப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். கிண்டல் செய்யலாம் என்றுதான் நான் போயிருந்தேன். என்னால் முடியவில்லை.