நேர்ந்துவிட்ட சேவல்

"யெஸ் சேர், சொறி சேர், ஐ வில் கொன்ட்ரோல் சேர்."

இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கவுன்சில் அதிகாரியை வாசலோடு அனுப்பிவிட்டு ஞானேஸ்வரன் கதவைச் சாத்தினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"என்னவாம்?" குசினியிலிருந்து மனைவி நகுலேஸ்வரி கேட்டாள்.

"பின் வளவிலை விடியக்காலமை பயங்கரச் சத்தமாம். ஆரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கேக்குதாம். பக்கத்து வீட்டிலை முறைப்பாடு குடுத்திருக்கினம். இனியும் கேட்டால் நிலத்துக்காரனுக்கும் அறிவிப்பினமாம்."

இருவரும் ஜன்னலால் பார்த்தார்கள். கோழிக்கூட்டின் மேல் நின்ற சேவல், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல் கழுத்தை நீட்டி ஒரு தடவை கூவியது.

ஹவுன்ஸ்லோவின் ஓரத்தில், விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்கும் தெருவின் கடைசி வீடு அது. தலைக்கு மேல் போகும் விமானத்தைப் பற்றி அங்கே ஒருவரும் முறைப்பாடு கொடுப்பதில்லை. வீட்டோடு சேர்ந்த நிலத்துக்காகவே ஞானேஸ்வரன் பெற்றோல் ஸ்டேஷன் வேலையை விட்டுவிட்டு இங்கே வாடகைக்கு வந்தார். கோழி, முட்டை, முளைக்கீரை, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பச்சை மிளகாய். குடும்பம் அதில்தான் சாப்பிட்டது. நிலத்துக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார், கவுன்சில் கரைச்சல் வந்தால் அன்றைக்கே வெளியேற வேண்டும் என்று.

"பேசாமல் அறுத்துக் கறி வைப்பமே?" என்றார் மெதுவாக.

"வாயைக் கழுவுங்கோ! அது முருகனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்."

போன பனிக்காலத்தில் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தபோது, மிச்சத்தைக் காப்பாற்றித் தந்தால் சேவல் உனக்கு என்று நகுலேஸ்வரி நேர்ந்திருந்தாள். முருகன் காப்பாற்றிவிட்டான். சேவலைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோதுதான், "பால் கொண்டு வாங்கோ, பழம் கொண்டு வாங்கோ, இதைக் கொண்டு வராதேங்கோ" என்று ஐயர் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அறுக்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. ஒரு பக்கம் கவுன்சில், மறுபக்கம் முருகன். ஞானேஸ்வரனுக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

பிளேஸ்டோவில் கடை வைத்திருந்த கிருஷ்ணராசாவுக்கு போன் எடுத்தார். இவருடைய முட்டையும் கீரையும் அங்கேதான் விலைப்பட்டன.

"அண்ணை, கவனம்," என்றார் கிருஷ்ணராசா. "பறவைக் காய்ச்சலெண்டு ரீவியிலை பாத்தனீங்கள்தானே? வெள்ளை உடுப்போடை வருவாங்கள். கோழியும் மிஞ்சாது, கூடும் மிஞ்சாது. உயரம் குறைஞ்ச பெட்டியிலை சேவலை வையுங்கோ. கழுத்தை நிமித்த ஏலாட்டில் கூவ ஏலாது."

பெட்டி அடித்தார். அடித்துவிட்டாலும் நித்திரை வரவில்லை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே எழும்பி, சேவல் என்ன செய்கிறதென்று காவல் இருக்கத் தொடங்கினார். எழும்பினால் முதல் வேலை குழாயடிதான். கோழிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் அதே குழாயில் பல் விளக்கி, நாக்கு வழித்து, முகம் கழுவினால்தான் அவருக்கு நாள் விடியும். பயத்தில் தொண்டை வேறு கட்டிக்கொண்டதால் அதற்கும் இப்போது கூடுதல் நேரம் எடுத்தது. பெட்டிக்குள் சேவல் "கொர்" என்று முனகியதோடு சரி. ஆனால் அந்த முனகலைக் கேட்ட கோழிகள் கலங்கி முட்டை இடுவதை நிறுத்திவிட்டன.

அடுத்த கிழமை அதிகாரி மறுபடி வந்தார். முன்பு விடியும்போது வந்த சத்தம் இப்போது இருட்டிலேயே தொடங்குகிறதாம். முன்பைவிட நீளமாகவும் இருக்கிறதாம். சனிக்கிழமை விடிய அவரே நேரில் வந்து கேட்கப் போகிறாராம்.

"யெஸ் சேர்," என்றார் ஞானேஸ்வரன்.

"அந்த முனகல் எப்பிடியப்பா அங்காலை கேட்டது?" என்றாள் நகுலேஸ்வரி.

"உவையளின்ரை காது அப்பிடி. வீட்டுக்குள்ளை கொண்டுவருவம்."

சேவல் குளியலறைக்குக் குடிவந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். ஓடு பதித்த சுவர்களுக்கு நடுவே கூவிப் பார்த்த சேவலுக்குத் தன் குரல் மிகவும் பிடித்துப்போயிற்று. மகள் லக்‌ஷிகா தலைக்குத் துவாயைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"அப்பா! திஸ் இஸ் நொட் நோர்மல்! எனக்கு சோதினை வருது!"

"கொஞ்சம் பொறு பிள்ளை. நிலம் போச்செண்டால் நாங்கள் நடுறோட்டிலை."

இவ்வளவு செய்தும், ஒவ்வொரு விடியலிலும் அவர் குழாயடியில் நிற்கும்போது பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் படீரென்று சாத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஞானேஸ்வரன் குளியலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் கூவுவதும் அங்கே கேட்டால் இனி எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

வெள்ளிக்கிழமை கிருஷ்ணராசாவே கடைக்குச் சாமான் ஏற்றும் வானைக் கொண்டுவந்து சேவலை ஏற்றினார். "திங்கட்கிழமை வரைக்கும் என்ரை கடைச் சாமான் அறையிலை இருக்கட்டும். முருகன்ரை பொருள், நான் பாத்துக்கொள்ளுறன்."

சனிக்கிழமை விடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கிழவருடன் அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றார். குசினி ஜன்னலுக்குப் பின்னால் நகுலேஸ்வரி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டாள். வளவில் ஒரு சத்தமும் இல்லை. கோழிகள்கூடக் கூட்டுக்குள் அடங்கிக் கிடந்தன. அதிகாரி கருவியைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

ஞானேஸ்வரனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நிலம் தப்பிவிட்டது! இத்தனை நாள் நடுங்கியதெல்லாம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் குழாயடிக்கு நடந்தார். பல் விளக்கினார். நாக்கு வழித்தார். அவ்வளவு நாள் பயத்தையும் சேர்த்து வெளியே எடுப்பதுபோல் அடிவயிற்றிலிருந்து ஒரு காறல் காறினார்.

கோழிகள் எல்லாம் எழும்பிவிட்டன. அதிகாரியின் கையிலிருந்து கருவி புல்லில் விழுந்தது. கிழவர் இரண்டு கையாலும் ஞானேஸ்வரனைச் சுட்டிக்காட்டிக் கத்தத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு லக்‌ஷிகா இறங்கி ஓடிவந்தாள். வேலியோரம் நின்று அதிகாரி சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

"என்ன பிள்ளை, என்னவாம்?" முகத்தில் நீர் சொட்ட ஞானேஸ்வரன் வேலிக்கு விரைந்தார். "நிலத்துக்காரனுக்கு அறிவிக்கப் போறாராமோ?"

"இல்லை அப்பா. சேவல் எவ்வளவு வேணுமெண்டாலும் கூவட்டுமாம், அது கிழவருக்கு நல்ல விருப்பமாம். உங்களைத்தான் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கட்டாம்."