உண்ணியப்ப எழுத்தில் ஓர் இடிப்பு ஆணை

அரசு அலுவலகங்கள் மக்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் நகராட்சிச் செயலாளர் பத்மநாபக் குறுப்பு முப்பது வருட சர்வீஸில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஆகவே அந்தப் பொறுப்பை எழுத்துகளிடம் ஒப்படைத்தார்.

எழுத்துகளை வரைந்தவள், நகராட்சிக்குப் போஸ்டர் செய்துகொடுக்கும் ஸெலின். மலையாள எழுத்தே உருண்டை. அதை இன்னும் உப்பவைத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதிக்கிற மாதிரி செய்து, 'உண்ணியப்பம்' என்று உருண்டைப் பலகாரத்தின் பெயரும் வைத்திருந்தாள். போன மாதக் குழந்தைகள் விழாவுக்காகச் செய்தது. "பலூன் போஸ்டருக்கு மட்டுந்தான் சார் அது" என்று சொல்லிப் பார்த்தாள். குறுப்பு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நாய்க்கடி ஊசி அறிவிப்பு, மயானத்தின் நேர அட்டவணை எல்லாமே குதித்தன.

சாயாக்கடை பீரான் இக்காவுக்கும் ஒரு தாள் வந்தது. குழந்தைகள் விழாவுக்கு மறுபடி அழைக்கிறார்கள் என்று நினைத்து, பழம்பொரி அலமாரியின் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். பதினான்காம் நாள் காலை சாயா குடிக்க வந்த ஸெலின் அதைப் படித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இக்கா, இது அழைப்பு இல்ல. ரோட்டை அகலமாக்கக் கடையை இடிக்கப் போறாங்க. ஆட்சேபம் சொல்ல நாளைக்குத்தான் கடைசி நாள்."

"சும்மா இரு மோளே. இடிக்கிறவன் இப்படிச் சிரிச்சுக்கிட்டா எழுதுவான்?"

அவள் சிரிக்கவில்லை. இக்கா அடுப்பை அணைத்தார்.

மதியமே இருவரும் கையால் எழுதிய மனுவோடு போனார்கள். குறுப்பு அதைத் தொடவே இல்லை.

"எழுத்து முறைக்குதே! சுற்றறிக்கைப்படி இங்க வர்ற காகிதமெல்லாம் இனிமையா இருக்கணும்."

"இருபத்தாறு வருஷப் பிழைப்பு சாரே" என்றார் இக்கா.

"இருக்கட்டுமே. அதையே உண்ணியப்பத்துல அடிச்சுக் கொண்டாங்க."

ஸெலின் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். 'கடையை இடிக்காதீர்கள், எனக்கு வேறு கதி இல்லை' என்ற வரியை அடித்தபோது 'கதி' குட்டிக்கரணம் போட்டது. தான் வரைந்த எழுத்தின் மேலேயே அவளுக்குக் கை ஓங்கத் தோன்றியது.

குறுப்பு வாங்கிப் பார்த்தார். சிரித்தேவிட்டார். "அடடா, என்ன அழகு! இதைக் கோப்புல போட்டு மூடறது பாவம்."

கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். கோப்பில் மனு எதுவும் இல்லாத காரணத்தால், குறித்த நாளில் கடை முறைப்படி இடிக்கப்பட்டது.

அந்த வருடத்து 'இனிய அலுவலகம்' விருது எங்களுக்கே. விழாவன்று ஊரே அந்தச் சட்டத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டது; நானும்தான். ஓரமாக நின்றிருந்த ஸெலின் என்னிடம் கேட்டாள்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சேட்டா?"

"படிக்கிறதுக்கா அது? கடிச்சுத் தின்னலாம் போல இருக்கு!"

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டினாள். படத்தை அப்போதே அழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது.