நான் போட்ட ரோடு

எங்கள் பரம்பரையில் ரோடு போட்டவன் நான் ஒருவன்தான். கல் இல்லை, தார் இல்லை, ஆள்கூலி இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வலது கை ஆள்காட்டி விரலால் போட்டேன். அந்த ரோட்டில் இதுவரை போன வாகனம் ஒன்றே ஒன்று. அந்த வாகனத்துக்குள் என் தங்கை மகளைக் கட்டிக்கொள்ளவிருந்த மாப்பிள்ளை இருந்தார்.

யட்டியாந்தோட்டை பஜாரில் கொப்பி, பேனா விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு மேலே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி. சீனி வியாதிக்கு டாக்டர் உடற்பயிற்சி எழுதிக்கொடுத்ததால், பின்னால் கரியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வாங்கிய அன்றே ஒரு சிக்கல். தினமும் டயரி எழுதுகிறவன் நான். ‘இன்று சைக்கிள் ஓட்டினேன்’ என்று எழுதினால் அது தகவலா? எங்கே, எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று இல்லாவிட்டால் அது வெறும் வதந்தி.

மகள் தான் ஓரங்கட்டிய பழைய ஸ்மார்ட்போனை எடுத்துத் தந்தாள். கண்ணாடியில் வெடிப்பு. பேட்டரி கற்பூரம் மாதிரி கரையும். சிம் கிடையாது.

“சிம் இல்லாம எப்படிம்மா வேலை செய்யும்?”

“சாட்டிலைட்டுக்கு ரீலோட் போடத் தேவையில்லப்பா.”

அதில் ஓர் இலவச செயலியைப் போட்டுக் கொடுத்தாள். விளம்பரம் இல்லை, யாருக்கும் எதையும் அனுப்பாது, அதன் உள்வேலைகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். (நானும் திறந்து பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை. ஆனால் ஒளிக்கவில்லை என்பதில் ஒரு திருப்தி.) போனை மாட்ட ஹேண்டிலில் இடமில்லாமல் மணி ஒன்று இருந்தது. மணியைக் கழற்றினேன்.

அந்தச் செயலி காட்டும் வரைபடம் பொதுமக்களே வரைவது. எங்கள் தோட்டம் அதில் வெறும் பச்சையாகக் கிடந்தது. ஒழுங்கான மனிதன் ஒருவன் இருக்கும் ஊர் இப்படிக் கிடக்கலாமா? கித்துல்கல ரோட்டிலிருந்து தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு வழியாக மலையைத் தாண்டி, எங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் பின்பக்கம் இறங்கும் குறுக்குப் பாதையைப் பதிவுசெய்தேன். பாதித் தூரம் நான் சைக்கிளில் போனேன். மீதித் தூரம் சைக்கிள் என் தோளில் போனது. செயலிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரு போன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

வரைந்து முடித்ததும், இது என்ன வகைப் பாதை என்று கேட்டது. படிக்கட்டு, நடைபாதை, சிறு வாகன வீதி என்று தெரிவுகள் இருந்தன. அவ்வளவு வியர்வை சிந்திக் கடந்ததை நடைபாதை என்று சொல்ல மனம் வரவில்லை. சைக்கிளும் வாகனம்தானே? மூன்றாவதை அழுத்தினேன்.

ஆனி மாதத்தில் தங்கை மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிரிதரன், ஹட்டன் பக்கத்தில் ஆசிரியர். அந்த மாரியம்மன் கோவிலில்தான் தாலி கட்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு வழி சொல்லும் பொறுப்பைத் தாய்மாமன் என்ற முறையில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அப்பா எனக்குப் போன் எடுத்தார்.

“பஜார்ல நிப்பாட்டி யார்கிட்டயாச்சும் கேட்டுக்கிறோம் அண்ணே.”

“யார்கிட்டயும் கேக்க வேணாங்க. ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நான் அனுப்பற மேப்ப டிரைவர் போன்ல போட்டுட்டு, அது சொல்ற மாதிரியே வாங்க. பாதி நேரம் மிச்சம்.”

மறுநாள் காலையில் அவர்களுடைய பஸ் முதலில் வந்தது. அதை ஓட்டிய பெரியவர் போனில் வழி பார்க்கும் பழக்கம் இல்லாதவர். பஜாரில் ஒரு வெற்றிலைக் கடையில் விசாரித்துக்கொண்டு, பாக்டரியைச் சுற்றி வரும் பெரிய ரோட்டில் சுகமாக வந்து சேர்ந்தார். சித்தப்பா, பெரியப்பா, அத்தைமார், சீர்வரிசைத் தட்டுகள் எல்லாம் இறங்கின. மாப்பிள்ளை மட்டும் இல்லை. அவரும் பெற்றோரும் வேனில் வருகிறார்களாம்.

மணி ஒன்பதரை. முகூர்த்தம் பத்தேகாலோடு முடிகிறது.

“இன்னைக்கு விட்டா இனி ஆடி கழிஞ்சுதாங்க” என்றார் குருக்கள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், ஜாதகம் பார்த்தபோதே தமக்கு மனசு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். நேரம் தவறினால் பழி என் செயலியின் மேல் விழாது. ராசியில்லாத பொண்ணு என்று தர்ஷினியின் தலையில்தான் விழும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அலங்காரத்தோடு கதவருகே வந்து நின்றாள்.

“மாமா, அவங்க எங்க?”

“வந்துக்கிட்டே இருக்காங்கம்மா.”

“எந்த ரோட்டுல?”

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

“அண்ணே, நீங்க சொன்ன ரோட்டுலதான் நிக்கிறோம். ஆனா ரோட்டத்தான் காணோம்.”

பின்னால் டிரைவரின் குரல் கேட்டது. “மேக்க பாரக் நெவெய் மஹத்தயா!” இது ரோடே இல்லை என்று அவர் சிங்களத்தில் சத்தியம் செய்துகொண்டிருந்தார். அவருடைய போன் முதலில் பஜார் வழியைத்தான் காட்டியதாம். ‘பொண்ணோட மாமா சொல்லியிருக்காரு’ என்று இவர்கள்தான் என் வழிக்கு மாற்ற வைத்திருக்கிறார்கள். இப்போது வேனின் இரண்டு சக்கரங்கள் மழைத்தண்ணீர் ஓடும் கானில். முன்னால் ரப்பர் மரம். அதற்கும் முன்னால் மண்ணில் வெட்டிய படிக்கட்டு. திரும்பவும் முடியாது, சுற்றி வரவும் நேரமில்லை.

“மாப்பிள்ளைய மட்டும் கீழ எறங்கச் சொல்லுங்க. நான் எதுக்க வர்றேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். புறப்படும் முன் பதிவுப் பொத்தானையும் அழுத்தினேன். (முகூர்த்தம் போனாலும் பதிவு போகக்கூடாது.)

மூச்சு வாங்கி நான் பாதி மலை ஏறியபோது, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை மரங்களுக்கிடையே தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

“ஏறுங்க மாப்பிள்ளை.”

“எதுலங்க மாமா?”

கரியரைக் காட்டினேன். ஒரு கணம் வானத்தைப் பார்த்தார், ஏறிவிட்டார். இறக்கம் நான் நினைத்ததை விட நல்ல இறக்கமாக இருந்தது.

“மாமா, பிரேக் இருக்குங்களா?”

“இருக்குங்க மாப்பிள்ளை.”

“புடிக்கலாமே?”

“புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பாதை திரும்பும் முடக்கில், தோட்டத்தில் பால் வெட்டும் பார்வதியக்கா இரண்டு கையிலும் ரப்பர் பால் வாளிகளோடு ஏறி வந்தார். அடிக்க மணி இல்லை. “தள்ளுங்க, தள்ளுங்க!” என்று கத்தினேன். வாளியோடு ஒருவர் எந்தப் பக்கம் தள்ளுவது? அவரைத் தப்பவைக்க ஹேண்டிலை ஒடித்தேன். அவர் தப்பினார். ஒரு வாளி தப்பவில்லை. அது முழுவதுமாக மாப்பிள்ளையின் மடியில் கவிழ்ந்தது.

“யாரய்யா அது, கண்ணாலத்துக்குப் போறவனப் பாலூத்திக் குளிப்பாட்டுறது?” என்றார் பார்வதியக்கா. பிறகுதான் என்னைப் பார்த்தார். “நீங்களா? கடையில உக்காந்திருக்கிற ஆளுக்கு எதுக்குங்க இந்த வேல?”

ஹேண்டிலிலிருந்து தெறித்துப் புல்லில் கிடந்த பழைய போன் தெளிவான ஆங்கிலத்தில் எனது அதிகபட்ச வேகத்தை அறிவித்தது. மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

கோவில் மடப்பள்ளிக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பத்து. ரப்பர் பால் பட்டில் பட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. காயக் காய இறுகும், நாறும், விடாது. வேறு வேட்டிக்கு வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. என் வேட்டியை அவிழ்த்து அவருக்குக் கொடுத்தேன். அவருடையதை நான் கட்டிக்கொண்டேன். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். தாலி கட்டும் படங்களில் மாப்பிள்ளையின் கணுக்கால்கள் இரண்டும் மிக நன்றாக விழுந்திருக்கின்றன.

குறித்த நேரத்துக்குள் தாலி ஏறியது. கெட்டிமேளத்தில் தங்கை அழுதாள். அழுகையின் நடுவில் என் பக்கம் திரும்பி, “என்னாண்ணே இது வாடை?” என்றாள். நான் சாம்பிராணிப் புகையின் பக்கம் நகர்ந்துகொண்டேன். தாய்மாமன் சடங்குக்காக உட்கார்ந்தவன், எழுந்தபோது வேட்டி உட்கார்ந்த வடிவத்திலேயே நின்றது. அன்று மாலை மனைவி தேங்காயெண்ணெயும் கத்தரிக்கோலுமாக அதைக் கழற்றினாள். கால்முடி எல்லாம் வேட்டியோடு போய்விட்டது. பார்வதியக்காவுக்குக் கொட்டிய பாலுக்கான நட்டத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் இன்றும் என் கடைக்கு வந்தால், சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறார்.

அடுத்த வாரம் மறுவீட்டு விருந்துக்குப் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், அந்த வரைபடத்தை எப்படித் திருத்துவது என்று மாப்பிள்ளை கேட்டார். என் தவறைத் திருத்தப் போகிறாரே என்று வெட்கத்தோடு சொல்லிக் கொடுத்தேன். வாகன வீதியை எடுத்துவிட்டுப் படிக்கட்டு, நடைபாதை என்று பகுதி பகுதியாகச் சரியாகப் பிரித்தார். ஆசிரியர் அல்லவா? பிறகு குறிப்பு எழுதும் இடத்தில் ஏதோ தட்டினார். தர்ஷினி எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

அவர்கள் போன பிறகு பார்த்தேன்.

‘வாகனம் போகாது. மாப்பிள்ளை போகலாம்.’

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எங்கே புறப்பட்டாலும், “வாகனம் போகுமா, மாப்பிள்ளை மட்டுந்தானா?” என்று கேட்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை. அந்தக் குறிப்பை நீக்கலாம் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பிழையான தகவலைத்தான் நீக்க வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் விதி. என்னுடைய விதியும் அதுதான். எத்தனை தரம் சரிபார்த்தாலும் அதில் பிழை இல்லை.