கரை காத்த அலங்கும் முந்நூற்று நாற்பது ஓட்டைகளும்

ஒரு காட்டில் ஒரு கம்பெனி இருந்தது. காட்டில் எப்படிக் கம்பெனி வரும் என்று கேட்கிறவர்கள், கம்பெனி வராத இடம் ஒன்றைக் காட்டிவிட்டு அப்புறம் கேட்கலாம். மலையடிவாரத்தில் ஒரு பெரிய குளம். அதன் தண்ணீரைக் கீழ்க்காட்டுக்கு அனுப்புவதுதான் கம்பெனியின் தொழில். ஆயிரத்து இருநூறு விலங்குகள் வேலை பார்த்தன. அதில் மடையைத் திறந்துவிட ஓர் ஆமை, கரையைப் பார்த்துக்கொள்ள ஓர் அலங்கு. மிச்சம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு விலங்குகளும் இந்த இரண்டும் ஒழுங்காக வேலை பார்க்கின்றனவா என்று பார்த்துக்கொண்டன.

அலங்கின் பெயர் தங்கப்பழம். அலங்கு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எறும்புதின்னி என்றும் அதைச் சொல்வார்கள். உடம்பெல்லாம் செதில், முன்காலில் மண்வெட்டி மாதிரி நகம், யார் வம்புக்கும் போகாத குணம். எதிரில் யாராவது குரலை உயர்த்தினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெரிய கம்பெனியில் வேலை பார்க்க இதைவிடப் பொருத்தமான உடம்பைக் கடவுள் படைக்கவில்லை.

தங்கப்பழத்தின் வேலை சுலபமானது. காலையில் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்க வேண்டும். நடந்துவிட்டு, குறிப்பேட்டில் ‘கரை நலம்’ என்று எழுத வேண்டும். கரையில் ஓட்டையைக் கண்டால் தொடக் கூடாது. மஞ்சள் படிவம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் பிரிவு அலுவலகம் போய், மலைமேல் இருக்கும் தலைமை அலுவலகம் ஏறி, சிங்கத்தின் கையெழுத்தோடு இறங்கி வர நாற்பது நாள். சிங்கத்தை யாரும் பார்த்ததில்லை, கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். நல்ல கையெழுத்து என்று சொல்வார்கள்.

ஒன்பது வருடம் ‘கரை நலம்’ என்றே எழுதிக்கொண்டிருந்த தங்கப்பழம், ஐப்பசி மழையில் குளம் தளும்பி நின்ற ஒரு காலையில் ஓர் ஓட்டையைப் பார்த்தான். நகம் நுழைகிற அளவு. தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே இறங்குகிறது என்று எட்டிப் பார்த்தான். நேர் கீழே அவனுடைய வளை. உள்ளே அவன் மனைவி செல்லக்கனியும், பிறந்து ஒரு மாதமான குட்டியும் இருந்தார்கள்.

மஞ்சள் படிவத்தைக் கையில் எடுத்தான். நாற்பது நாளில் ஒரு நூல் தண்ணீர் என்னவாகும் என்று யோசித்தான். படிவத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பிடி களிமண்ணைத் தோண்டி, பிசைந்து, ஓட்டையில் வைத்துக் குத்தினான். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் நின்றுவிட்டது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒன்பது வருடப் பழக்கம் விடுமா. குறிப்பேட்டை எடுத்து, ‘ஓர் ஓட்டை இருந்தது. அடைத்துவிட்டேன். கரை நலம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

மறுநாளே கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். கண்காணிப்பாளர் மாசானம் ஒரு காட்டெருமை. கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர்கள் எல்லோரையும் போலத்தான்.

“என்னவே இது, அடைச்சிட்டேன்னு எழுதிருக்கீரு. யாருகிட்ட கேட்டு அடைச்சீரு?”

“யாருகிட்டயும் கேக்கல சார். கையில மண்ணு இருந்துச்சு.”

“மண்ணு எல்லாருக்குந்தாம்வே இருக்கு. நாங்க யாராவது அடைச்சோமா?”

தங்கப்பழம் பந்தாகச் சுருண்டுவிட்டான். மாசானம் அவனை அப்படியே உருட்டி ஓர் ஓரமாக வைத்துவிட்டு, குறிப்பேட்டை மலைமேல் அனுப்பினார். வேலை போய்விடும் என்று தங்கப்பழம் மூன்று நாள் எறும்பைத் தொடவில்லை.

நான்காம் நாள் சுற்றறிக்கை இறங்கி வந்தது. இதுதான் முன்முயற்சி என்று சிங்கம் எழுதியிருந்தது. ஒவ்வொரு ஊழியரும் இந்த அலங்கைப் போல இருக்க வேண்டுமாம். தங்கப்பழத்துக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். விலங்குவளத் துறைத் தலைவர் சௌந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்தார். அவர் மயில். தோகையை விரித்தபடிதான் பேசுவார், அதனால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவர் பேசியது எதுவும் தெரியாது, தோகை மட்டும் தெரியும். ஒரு தனி விலங்கு நினைத்தால் ஒரு கம்பெனியையே மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னார். அது மட்டும் உண்மையாகிப் போயிற்று.

அடுத்த வாரம் புதிய விதி வந்தது. ஆளுக்கு மாதம் ஓர் ஓட்டை அடைக்க வேண்டும். அடைத்ததற்குச் சாட்சியாகச் செல்போன் செயலியில் இரண்டு படம் ஏற்ற வேண்டும். ஓட்டை இருக்கும் படம் ‘முன்’. அடைத்த படம் ‘பின்’. இரண்டுக்கும் நடுவில் தலைமை அலுவலகத்தின் அனுமதி வர வேண்டும். தப்பான இடத்தில் யாராவது முன்முயற்சி எடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? அனுமதிக்கு எத்தனை நாள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நாற்பது.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கரையில் வேறு ஓட்டை கிடையாது.

இரண்டு நாள் ஆயிரத்துச் சொச்சம் விலங்குகளும் குனிந்த தலை நிமிராமல் கரையில் தேடின. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவு முள்ளம்பன்றி வண்ணமுத்து கரையில் முதுகைச் சாய்த்து ஒரு அழுத்து அழுத்துவதைத் தங்கப்பழம் பார்த்தான்.

“வே, என்ன செய்யுதீரு?”

“என் ஓட்டையைப் போடுதேன்.”

“அடைக்கதுக்குத்தானவே சொன்னாங்க?”

“போடாம எப்படிவே அடைக்க?” என்று வண்ணமுத்து நிதானமாகக் கேட்டான். “உமக்குக் கெடைச்சது ரெடிமேடு ஓட்டை. நாங்க எங்க போவோம்? தள்ளி நில்லும், ‘முன்’ படத்துல உம்ம வால் விழுது.”

படம் எடுத்தான், செயலியில் ஏற்றினான், சாப்பிடப் போய்விட்டான். விதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஓட்டை போடக் கூடாது என்று எங்கும் இல்லை. யாராவது போடுவார்கள் என்று எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. அடைக்கத்தான் அனுமதி வேண்டும்.

பிறகென்ன, கம்பெனியே சுறுசுறுப்பானது. கீரிகள் பல்லால் போட்டன. காட்டுப்பன்றிகள் மூக்கால் போட்டன. மான்களுக்குக் கொம்பு இருந்தது. சட்டப் பிரிவுக் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று கச்சிதமாகக் குத்திவிட்டு, பக்கத்தில் தங்கள் பெயரையும் பலகையில் எழுதி வைத்தன, ஒருவர் ஓட்டையை இன்னொருவர் அடைத்துவிடக் கூடாதில்லையா. மூன்று நான்கு பேர் ஒரே ஓட்டையைப் பங்கு போட்டுக்கொண்டும், மாதக் கடைசியில் முந்நூற்று நாற்பது ஓட்டைகள். எல்லாவற்றுக்கும் ‘முன்’ படம் இருந்தது, ஒன்றுக்கும் ‘பின்’ இல்லை. தலைமை அலுவலகத்துச் சுவரில் முன்முயற்சி வரைபடம் செங்குத்தாக மேலே போனது. குளத்தின் நீர்மட்டம் கீழே வந்தது. அதற்கு வரைபடம் யாரும் போடவில்லை.

வீட்டில் செல்லக்கனி குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டே நடமாடினாள். அலங்குத் தாய்கள் குட்டியை வாலில் சுமப்பது வழக்கம்தான். ஆனால் இவள் இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்தாள். தரையெல்லாம் ஈரம்.

“நேத்து சுவர் ஒரு பக்கம் விழுந்துட்டு,” என்றாள். “இன்னைக்குப் பிள்ளை மூக்குல தண்ணி சொட்டி முழிச்சுக்கிட்டா. நீங்க எதுக்கு அங்க வேலை பாக்கீங்க?”

“கரையைப் பாக்கதுக்கு.”

“பாத்துக்கிட்டேதான இருக்கீங்க.”

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது. மேட்டுக் குடியிருப்பு மேலாளர்களுக்கு மட்டும்தான். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக வேறு இடமில்லை. நேராக மாசானத்திடம் போய் நின்றான்.

“சார், கரை இந்த மழைக்குத் தாங்காது. நான் ஒருத்தனே அடைச்சிருதேன். ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்.”

மாசானம் செயலியைத் திறந்து பார்த்தார். “உம்ம பேர்ல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. அதுக்கும் ‘முன்’ படம் இல்ல. இந்த மாசம் கம்பெனியிலேயே ஆகக் கடைசி நீருதாம்வே. விளக்கம் கேட்டு மெமோ வருது.”

“கரை உடைஞ்சா கீழ்க்காடு போயிரும் சார். என் பிள்ள போயிரும்.”

காட்டெருமை செயலியை மூடி வைத்தார். “மத்தவங்க ஓட்டையில கை வச்சீருன்னா அது திருட்டுவே,” என்றார் மெதுவாக. “அவங்க மாச இலக்கை நீரு எடுத்துட்டதா எழுதுவாங்க. வேலை போயிரும். சவத்த விட்டுத் தள்ளும். திங்கக்கிழமை பயிலரங்கு இருக்கு, எல்லாரும் மலைக்கு வரணும். வந்து சேரும்.”

பயிலரங்கு மூன்று நாள். தலைப்பு, ‘தன்னை உணர், தானே செய்’. வராதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அடிக்குறிப்பு இருந்தது. திங்கள் காலை ஆயிரத்து இருநூறு விலங்குகளும் வரிசையாக மலையேறின. ஆமையும் கிளம்பியது. அது பயிலரங்கு முடிந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தது, அதை விட்டுவிடுவோம்.

தங்கப்பழமும் வரிசையில் நடந்தான். மூன்றாவது திருப்பத்தில் திரும்பிப் பார்த்தான். அந்த உயரத்திலிருந்து கரை முழுவதும் தெரிந்தது. முந்நூற்று நாற்பது இடத்தில் வெயிலில் பளபளத்தது. அதில் ஓர் ஆள்கூட இல்லை. பார்க்க ஒருவரும் இல்லாத கரையை அவன் ஒன்பது வருடத்தில் பார்த்ததே கிடையாது. அவனுக்குப் பின்னால் வந்த நரி, “நகரும்வே,” என்றது. தங்கப்பழம் வழியை விட்டு விலகிப் பந்தாகச் சுருண்டான். ஆனால் இந்த முறை பயத்தில் இல்லை. சரிவில் உருண்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம்.

செல்லக்கனி களிமண்ணைத் தோண்டிப் பிசைந்து கொடுத்தாள். அவன் குத்தி அடைத்தான். குட்டி அவள் வாலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தது. திங்கள் நூறு, செவ்வாய் நூற்று இருபது. கொக்குகள் எழுதி வைத்த பெயர்ப் பலகைகளைப் பிடுங்கி ஓட்டைக்குள்ளேயே வைத்து அடைத்தான், அதில் அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. புதன் சாயங்காலம் கடைசி ஓட்டையை மூடியபோது முன்கால் நகங்கள் ஒன்றுகூட முழுசாக இல்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தான் வேலை பார்த்ததாக அவனுக்குத் தோன்றியது. செல்லக்கனி குட்டியைத் தரையில் இறக்கி விட்டாள். தரை காய்ந்திருக்கவில்லை, ஆனால் புதிதாக நனையவில்லை.

வியாழன் காலை எல்லோரும் இறங்கி வந்து பார்த்தால், ஓட்டை ஒன்றையும் காணோம்.  சௌந்தரபாண்டியனுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. பயிலரங்கின் பலன் பாருங்கள், ஊழியர்களின் மனம் மாறியதும் ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொண்டன என்று தோகையை விரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அறிக்கை அன்றே மலையேறியது, அவருக்குப் பதவி உயர்வு அன்றே இறங்கியது. அதற்கெல்லாம் நாற்பது நாள் ஆவதில்லை.

மத்தியானம் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஆமைக்கு நேரே ‘வழியில்’ என்று இருந்தது, இன்னொரு பெயருக்கு நேரே மூன்று நாளும் காலியாக இருந்தது. தங்கப்பழத்தை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அறைக்குள் நுழையும் முன் மாசானம் அவனை ஓரமாக ஒதுக்கினார்.

“இங்க பாரும். நீரு என்ன செஞ்சீருன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். அனுமதி இல்லாம ஒருத்தன் அடைச்சான்னு தெரிஞ்சா, விதிப்படி முந்நூத்தி நாப்பதையும் திரும்பத் தொறக்கணும். தொறந்து அவங்கவங்க கையில குடுத்துட்டுத்தான் மேல பேசணும். யோசிச்சுப் பதில் சொல்லும்.”

உள்ளே மயில் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

“பயிலரங்குக்கு ஏன் வரல?”

தங்கப்பழத்துக்கு, என் கையால் செய்தேன் என்று ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டுத் தரையை நினைத்துக்கொண்டான்.

“தூங்கிட்டேன் சார்.”

“மூணு நாளுமா?”

“மூணு நாளும்.”

சௌந்தரபாண்டியனின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. இதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு டிக் போட்டார். “அலங்குன்னா பகல்ல தூங்குற இனம்தானே, இயல்புதான். என்ன செய்ய, ஒரு காலத்துல முன்முயற்சி உள்ளவரா இருந்தீங்க. அதெல்லாம் எல்லாருக்கும் நிலைக்காது,” என்றார். எச்சரித்து மன்னிக்கப்பட்டார் என்று எழுதி, முத்திரைக்காகக் காகிதத்தைக் கண்காணிப்பாளர் பக்கம் தள்ளினார்.

தங்கப்பழம் கையெழுத்துப் போட முன்காலை மேசைமேல் வைத்தான். வேர் வரை தேய்ந்து, களிமண் ஏறி, இரத்தம் காய்ந்திருந்த நகங்களை மாசானம் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து மெதுவாகக் குத்தினார்.

“நல்லாத் தூங்கிருக்கீருவே,” என்றார்.

நீதி: கம்பெனியைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காப்பாற்றலாம், தூங்கிவிட்டேன் என்ற விளக்கக் கடிதத்தை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளவும்.