கோணல் மூக்கு அன்னங்களும் என் வீட்டு சர்வரும்

என் அக்கா கோமதியின் முகூர்த்தப் புடவையை இன்று எடுத்துப் பிரித்தாலும் தெரியும். கொசுவத்தில் வரும் அன்னப்பட்சிகளுக்கு மூக்கு கோணல். தோளில் வரும் அன்னங்களுக்கு மூக்கு நேர். ஒரே தறி, ஒரே பாவு நூல், நெய்தவரும் ஒரே ஆள், எங்கள் அப்பா. கோணலுக்குக் காரணம் நான். வாயால் இதை நூறு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன் (ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள்). எழுத்தில் இதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெரிய காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடையில் வேலை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் உலகமே எனக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, அதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்து, அதற்கு சர்வர் என்று பட்டாபிஷேகம் செய்தேன். ரௌட்டருக்குள் நுழைந்து வெளியுலகத்துக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டேன். என் சொந்த இணையதளம் என் கட்டிலுக்கு அடியிலிருந்து உலகத்துக்கே போனது.

உலகம் வரவில்லை, அது வேறு விஷயம். யார் யார் வந்தார்கள் என்று சர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும். தினமும் ஆசையாகப் பார்ப்பேன். வீட்டிலிருந்து நான், கடையிலிருந்து நான், பஸ்ஸிலிருந்து நான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நான்கூடக் கிடையாது. அது அம்மா தூங்கும் நேரம். அந்தப் பெட்டியின் மின்விசிறி மாவு மெஷின் மாதிரி இரையும். "சும்மாதானே ஓடிக்கினு இருக்குது" என்று அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். 'அணைக்காதே' என்று எழுதி ஒட்டினேன். அதன்மேல் பால்காரர் நம்பரை எழுதி வைத்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் நான் தினமும் பிரசங்கம் வேறு செய்வேன். நம் போட்டோக்களை, ஃபைல்களை யாரோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் ஏன் வைக்க வேண்டும்? நம் பொருள் நம் வீட்டில் இருப்பதுதான் பாதுகாப்பு. அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அப்பா தலையை ஆட்டுவார். அது எனக்கா, தறிக்கா என்று தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவர். தன் பெண்ணுக்குத் தானே நெய்ய வேண்டும் என்பது அவள் பிறந்த அன்றே முடிவு செய்தது. உடலெங்கும் புட்டா, அதாவது சின்னச் சின்ன அன்னப்பட்சிகள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்த அந்தக் கம்ப்யூட்டரிலேயே கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்தவள் நான். முழுசாக மூன்று வாரம். டிசைனைப் பென்டிரைவில் போட்டு, தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் செருகிவிட்டால் போதும். அப்பா மிதியை மிதிக்க மிதிக்க, எந்த இழை ஏற வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆக, டிசைனுக்கு இரண்டு பிரதி. ஒன்று பென்டிரைவில், ஒன்று கட்டிலுக்கு அடியில். பாதுகாப்பு என்றால் இதுதான் பாதுகாப்பு என்று மார்தட்டிக்கொண்டேன்.

இன்னொரு பாதுகாப்பு அப்பாவுடையது. யாராவது வீட்டுக்குள் வந்தால் தறியில் ஓடும் புடவைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். டிசைன் வெளியே போய்விடக் கூடாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்பா போட்ட கிளி பார்டர் ஒன்று ஒரே மாதத்தில் லோகு பெரியப்பாவின் தறியில் ஓடியது. லோகு பெரியப்பா அப்பாவின் பங்காளி, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் திருடினான் என்றார் அப்பா. கிளி உனக்கு மட்டும் சொந்தமா என்றார் பெரியப்பா. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் வீட்டில் அந்த ஜன்னலையும் பதினொரு வருஷமாகத் திறக்கவில்லை.

அப்பா ஜன்னலை மூடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தறிக்கு டிசைன் வரைவது எப்படி' என்று இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டு, அன்னத்தின் படத்தையும் வைத்து, முகவரியைத் தெருக்காரர்கள் எல்லோருடைய வாட்ஸப்புக்கும் அனுப்பினேன். (அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு விவரம் இருந்தது.) ஒரே வாரத்தில் எனக்கு ஒரு ரசிகர் கிடைத்தார். பார்வையாளர் பக்கத்தில் 'நலம் விரும்பி' என்ற பெயரில், படம் மங்கலாக இருக்கிறது, பெரிதாகப் போடவும் என்று எழுதினார். போட்டேன். அடுத்த நாள், ஒரிஜினல் ஃபைலையே போட்டால் வளரும் தலைமுறைக்கு உபயோகமாக இருக்கும் என்று எழுதினார். வளரும் தலைமுறை என்றதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அதையும் போட்டேன்.

பாதிப் புடவை முடிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். அன்று அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். எனக்கு லீவு. கை சும்மா இருக்குமா? சர்வருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று தோன்றியது. பழையதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு ஒரு காலிப் பென்டிரைவ் வேண்டும். புதிதாக ஒன்று ஆர்டர் செய்திருந்தேன். எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும், செருப்பைத் தவிர, அம்மா முதலில் சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டுத்தான் தருவாள். போய்ப் பார்த்தேன். மாடத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு கறுப்புப் பென்டிரைவ் இருந்தது. வந்துவிட்டது பார், அம்மா அம்மாதான் என்று எடுத்துக்கொண்டேன்.

புது சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றும்போது, இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. புதுசில் என்ன இருக்கப் போகிறது? சம்மதம். பிறகு சர்வர், இந்த டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. டிசைனுக்குத்தான் தறிப் பெட்டியில் இன்னொரு பிரதி இருக்கிறதே. சம்மதம் என்று அழுத்திவிட்டு, போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலை அப்பா குளித்துவிட்டு வந்து மாடத்தில் தடவினார்.

"இங்க வெச்ச பென்டிரைவ் எங்கம்மா?"

"அது என்னோட புதுசுப்பா. நேத்தே எடுத்துட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மா தலையை நீட்டினாள். "உன் பார்சல் பிரிஜ் மேலயே கீதுடி. இன்னும் பிரிக்கவே இல்லியே."

அப்பா மெதுவாகச் சொன்னார். "அமாவாசைன்னு நான்தான் தறிலேர்ந்து எடுத்து பூஜைல வெச்சேன்."

ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். என்ன இருக்கப் போகிறது? புத்தம் புதிய சிஸ்டம் பளபளவென்று என்னை வரவேற்றது. அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை நாள் முழுக்க ஓட்டினேன். என் பத்தாம் வகுப்புப் போட்டோ மூன்று பிரதியும் அக்காவின் ஹால் டிக்கெட்டும் கிடைத்தன. அன்னத்தின் ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ மணவறைல நான் நைட்டியோட ஒக்காந்துக்கட்டா?" என்று மட்டும் கேட்டாள். திரும்ப வரைய மூன்று வாரம் வேண்டும், அதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். பாதி அன்னம், பாதி வேறு எதையாவது போடலாமா என்றேன். வேண்டுமானால் கடையில் ஒன்று எடுத்துவிடலாம் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். நெசவாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கடைப் புடவை. அப்பா தறியில் போய் உட்கார்ந்து மிதியை ஒரு தடவை மிதித்தார். ஓர் இழைகூட ஏறவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் காலை மூர்த்தி அண்ணன் வந்தார். தறியில் பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையைப் பிணைத்துத் தருகிறவர். தெருத்தெருவாக எல்லா வீட்டுத் தறியிலும் உட்கார்ந்து எழுந்தவர். எங்களுடைய இன்னொரு தறிக்குப் பாவு பிணைக்க வந்திருந்தார். அன்றைக்கு இருந்த துக்கத்தில் அப்பா அன்னப் புடவைமேல் துண்டு போட மறந்துவிட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"இந்த அன்னந்தான் நம்ம லோகு வூட்லயும் ஓடிக்கினு இருக்குது. அவரு பச்சைல போட்டுகிறாரு."

அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. திருடிவிட்டான் என்ற கோபமும், டிசைன் உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷமும் அதில் அடித்துக்கொண்டன. கடைசியில் எது ஜெயித்தது என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா" என்றார். எனக்கோ நலம் விரும்பி யார் என்பது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கால் பின்னால் இழுக்க, அப்பாவுக்குப் பத்தடி தள்ளியே நடந்தேன்.

பதினொரு வருஷம் கழித்து அப்பா அந்த வீட்டு வாசற்படியை மிதித்தார். எங்களைப் பார்த்ததும் லோகு பெரியப்பா சட்டென்று தன் தறிமேல் ஒரு துண்டைப் போட்டார்.

"துண்ட எடு லோகு. நான் பாக்காதது அங்க ஒண்ணும் இல்ல."

பெரியப்பா துண்டை எடுத்தார். பச்சைப் பட்டில் எங்கள் அன்னங்கள் வரிசையாக நின்றன. திருடினாயா என்று அப்பா கேட்கக்கூட இல்லை. பெரியப்பாவாகவே ஆரம்பித்துவிட்டார். "நான் ஒண்ணும் திருடலப்பா. படம் சின்னதா கீதுன்னு எழுதினேன், உன் பொண்ணு பெருசா போட்டுது. ஃபைல் வேணும்னேன், அதையும் போட்டுது. தங்கமான பொண்ணு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர்கள் வீட்டுக் காலண்டரில் அன்றைய ராகுகாலத்தை மிகுந்த அக்கறையோடு படித்தேன்.

நடந்ததையெல்லாம் அப்பாவே சொன்னார். அமாவாசை, குங்குமம், சம்மதம், எல்லாம். பெரியப்பா முதலில் சிரித்தார். கோமதியின் முகூர்த்தப் புடவை என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஒரு பென்டிரைவை எடுத்துவந்து அப்பாவின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. அன்னத்துக்கு மூக்கு ஒரு புள்ளி கோணலா இருந்துது. நான் சரி பண்ணிட்டேன்."

அதைத் திரும்பக் கோணலாக்க எனக்குத் தைரியம் இல்லை. இனி அந்த ஃபைலைத் தொட்டால் விரலை ஒடிப்பேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்பா விடாமல் உட்கார்ந்து நெய்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புடவை தறியிலிருந்து இறங்கியது. கீழே கோணல், மேலே நேர். கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் அம்மா. லோகு பெரியம்மா அதே அன்னத்தைப் பச்சையில் கட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுடையதில் எல்லா மூக்கும் நேர். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் அக்கா இன்றைக்கும் முதலில் காட்டுவது மாப்பிள்ளையை அல்ல, அந்தப் பச்சைப் புடவையைத்தான்.

நான் இப்போது வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். (சிரிக்காதீர்கள்.) எங்கள் குடும்பத்தில் யாராவது புது போன் வாங்கினால், பழைய போட்டோவெல்லாம் பத்திரமா என்று யாரும் கேட்பதில்லை. "லோகுகிட்ட ஒரு காப்பி கீதா?" என்றுதான் கேட்கிறார்கள். அக்காவின் மாமியாருக்கே இது பழகிவிட்டது.

கேலியாகச் சொல்லப்போய் அது உண்மையாகவே ஆகிவிட்டது. பெரியப்பா வீட்டு பீரோமேல் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு சர்வரில் உள்ளதெல்லாம் தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு அதற்குப் போய்ச் சேரும். பதினொரு வருஷம் அந்தப் பெயரையே சொல்லாத அப்பா, ஆறு அடித்ததும், "லோகுக்குப் போயிடுச்சாம்மா?" என்று கேட்கிறார். போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் காபி குடிக்கிறார்.

ஆனால் பழக்கம் விடுமா? போன வாரம் பெரியப்பா வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதுமே அப்பா துண்டை எடுத்துத் தறிமேல் போட்டார். பெரியப்பா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூடுப்பா, நல்லா மூடு. ஆறு மணிக்கு எனக்குத்தானே வரப் போவுது."