எஞ்சினுக்கு வைத்த பொட்டு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் தமிழிலேயே கோட்டை விட்டவன் நான்; பேனாவைப் பிடித்தால் கை ஸ்பேனரைத் தேடும். ஆனால் நசீர் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிக்கொண்டே போகிறான். என் முட்டாள்தனத்தின் சரியான அளவாவது ஊருக்குத் தெரியட்டும்.

அப்போது எங்கள் ஊரில் குருசுக்குப்பம் பக்கம் ஒரு கார் ஷெட்டில் வேலை பார்த்தேன். நசீர் என் கூட்டாளி. அவன் அத்தா என்று கூப்பிடும் அவனுடைய அப்பா, பழைய இரும்புக் கடை பாய். அவரிடம் ஒரு கிழட்டு கார். ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே யாரோ தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி டக்டக் என்று சத்தம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அந்தக் காரில்தான் குடும்பமே கடலூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். காலேஜ் காலத்திலிருந்தே நசீர் உருகிக்கொண்டிருந்த பெண். அவளுடைய அத்தா இழுத்தடித்து, இழுத்தடித்து, ஒருவழியாக "சரி, வந்து பேசுங்க" என்று இறங்கியிருந்தார்.

"வேற மெக்கானிக்கிட்ட விட்றலாமா மச்சான்?" என்றான் நசீர்.

"ஏன், நான் செத்தா பூட்டேன்?" (செத்திருந்தால் எல்லோருக்குமே நல்லதாகப் போயிருக்கும்.)

மூடியைத் திறந்து பார்த்தால், ராக்கர்கள் தேய்ந்து கிடந்தன. வால்வைத் தட்டித் திறக்கிற விரல் நீளத் துண்டுகள் அவை. புதுசு வர நாளாகும் என்றார்கள். நல்லவேளையாக பாயின் கடையிலேயே ஒரு நசுங்கிய வேன் கிடந்தது. காரைச் செய்த அதே கம்பெனி, அதே வகையறா எஞ்சின். அதன் ராக்கர்களைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல் அப்படியே!

"அண்ணன் சட்டை தம்பிக்குச் சேராதா பாய்?"

"அண்ணன் தம்பின்னு நீ சொல்ற. பங்காளிங்க மாதிரில்ல தெரியுது? பாத்துடா கதிரு."

அன்றைக்கு ஆயுத பூஜை. ஓனர் திருப்பதி போய்விட்டார். பூஜை என் தலையில். கார் ராக்கர், வேன் ராக்கர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். தங்கம் மாதிரி மின்னின. ஆசை யாரை விட்டது? ஸ்பேனர்களோடு அவற்றையும் வாழையிலையில் கல்யாண குரூப் போட்டோ போல வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில்தான் உறைத்தது. இதில் எது கார், எது வேன்? எது எந்த வால்வுக்கு? தேய்ந்த சாமான் எங்கள் மாமா மாதிரி. பழகின பெஞ்சைத் தவிர வேறு எதிலும் ஒழுங்காக உட்காராது. ஆனால் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மின்னுவதெல்லாம் நல்லது என்று பொறுக்கி மாட்டினேன். துடைத்தேனா? ஏதோ துடைத்தேன்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. டக்டக் இல்லை. நசீர் என்னைக் கட்டிப்பிடித்தான். (அந்த செல்ஃபி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான்.)

நான் ஓட்ட, பக்கத்தில் பாய். பின்னால் நசீரும் அவன் அம்மாவும், மடியில் இனிப்புப் பெட்டி. கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறினோம்.

டிக்.

"என்னடா அது?" என்றார் பாய்.

"பழகுது பாய்."

டக். டக். மடார்!

அப்படி ஒரு சத்தத்தை என் சர்வீஸில் கேட்டதில்லை. கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. பாய் இறங்கி, ஆயில் பார்க்கிற கம்பியை உருவினார். நுனியிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

"யா அல்லா! ரத்தம்டா!"

நசீரின் அம்மா "யார அடிச்சீங்க?" என்று அலறி, இறங்கிக் காருக்கு அடியில் குனிந்து ஆளைத் தேடினார். கூட்டம் கூடியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து, "ஒலாலா! ஆம்புலன்சக் கூப்டுங்கப்பா!" என்றார்.

மேல் மூடியைக் கழற்றினேன். ஒரு ராக்கர் ரெண்டாக உடைந்து கிடந்தது. ஆயில் போகிற ஓட்டையெல்லாம் சந்தனம். மிச்சமிருந்தவை ஆயிலில் பாதி கரைந்த குங்குமப் பொட்டோடு என்னையே முறைத்தன. மூடியைத் திரும்ப வைத்து மறைக்கப் பார்த்தேன். (பாய் முந்திக்கொண்டார்.)

பாய் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதிரு… என் காரு எப்படா சுமங்கலி ஆச்சு?"

கூட்டம் சிரித்தது. நசீர் சிரிக்கவில்லை. இனிப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. நடுரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டேன். "கடலூர்தான் போறேன், ஏறு" என்றார் டிரைவர். அம்மா முன்னால் உட்கார, பாயும் மாப்பிள்ளையும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி போனார்கள். நான் பாலத்திலேயே நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் "ரத்தம் இல்லீங்க, குங்குமம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, வஞ்சிரம் மணக்க மணக்க, பெண் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள். பெண்ணின் அத்தா முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். பிறகு, "மீன் வண்டி ஏறியாவது வந்துட்டாங்களே, இனிமே என்னத்த விசாரிக்கிறது?" என்று சொல்லி இனிப்பை எடுத்துக்கொண்டாராம்.

நிக்காஹ் முடிந்து குழந்தையும் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் வஞ்சிரம் பொரித்தால், "கதிரண்ணன் வாசன வருது" என்பாள் நசீரின் மனைவி.

போன வாரம் நசீர் புது கார் எடுத்தான். "பானெட்டத் தொறந்து ஒரு தடவ பாக்கட்டா மச்சான்?" என்று மெசேஜ் போட்டேன்.

பதில் வந்தது: "பாரு மச்சான், பொட்டு மட்டும் உன் நெத்தியிலயே இருக்கட்டும்."