அரங்கநாதன் அடையாளம் காட்டிய துப்பாக்கி

ஓட்டுப் பெட்டிகளைத் திறந்து எண்ணியாயிற்று. ஜெயித்தவருக்குப் போட்ட மாலையும் வாடி உதிர்ந்துவிட்டது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி மட்டும் அரங்கநாதனுக்குத் திரும்பி வரவில்லை.

"எலெக்‌ஷன் முடிஞ்சுபோச்சுங்களே" என்றார் ஏட்டிடம்.

"எலெக்‌ஷன் முடிஞ்சுது. ஸ்டேஷன் கூரை ஒழுகறது முடியலையே" என்றார் ஏட்டு.

துப்பாக்கிகள் நனைந்துவிடும் என்று எல்லாவற்றையும் விழுப்புரத்துப் பெரிய ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே போய்க் கேட்கச் சொன்னார். ஜல்தியாகப் போகவும் சொன்னார். அந்த ஆபீஸ் கூரை எப்படியென்று அவருக்குத் தெரியாதாம்.

அரங்கநாதனுக்குத் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமம். இரண்டு காணியில் மல்லாட்டை போட்டிருந்தார். மண்ணுக்குள் கடலை காய் பிடித்துத் திரண்டு வருகிற பங்குனி மாதம். மலைப்பக்கமிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவந்து, ஏர் பிடித்து உழுத மாதிரி வரிசை தவறாமல் தோண்டித் தின்றுவிட்டுப் போயின.

"நம்ம வூட்டுல துப்பாக்கி இல்லைன்னு யாரோ தண்டோரா போட்டுட்டாங்க போல" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. "நேத்து குட்டிங்களையும் கூட்டிக்கினு வந்துதுங்க."

துப்பாக்கி ஒன்றும் பிரமாதமானது அல்ல. அப்பா காலத்து ஒற்றைக்குழல். கட்டை விரிந்துபோனதால் பம்புசெட் மோட்டாரில் கழற்றிய செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார். மனசு வந்தால் வெடிக்கும், வராவிட்டால் வெடிக்காது. ஆனால் லைசென்ஸ் உள்ளது. வெடிக்கிற அன்று அந்தச் சத்தத்துக்குப் பன்றிகள் ஒரு வாரம் தலைகாட்டாது. அது இல்லாமல் மல்லாட்டை வீடு வந்து சேராது என்பது அரங்கநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

வேறு எதுவும் அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிற ஆள். யாராவது இரண்டாம் முறை பெயரைக் கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். பஸ்ஸில் உட்கார்ந்து, ஆபீசில் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனார். விக்கிரவாண்டி வரைக்கும் சரளமாக வந்தது. முண்டியம்பாக்கம் தாண்டியதும் மறந்துபோனது.

விழுப்புரத்தில் ரைட்டர் பாண்டுரங்கன் அவரை நிற்கவைத்தே பேசினார்.

"துப்பாக்கிங்க இருக்குது. ஆனா கட்டியிருந்த சீட்டையெல்லாம் எலி தின்னுடுச்சு. எது யாரோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள வா, உன்னோடதை நீயே காட்டு."

அறைக்குள் சுவரோரம் துப்பாக்கிகள் சாய்ந்து கிடந்தன. அரங்கநாதன் தன்னுடையதை வாசலிலிருந்தே கண்டுகொண்டார். செம்புக் கம்பி பளபளத்தது. அவர் விரலை நீட்டப் போன நேரம், ரைட்டரே அதை வெளியே இழுத்தார்.

"இந்தக் கண்றாவியைப் பாரு. குழல்ல துரு, கட்டையில கம்பி. இதைச் சுட்டா சுடறவன்தான் சாவான். எவனோடதுன்னு மட்டும் தெரியட்டும், லைசென்ஸைப் புடுங்கிக்கினு ஆளையும் உள்ள வைக்கறேன். சரி, உன்னோடது எது?"

நீட்டிய விரல் மடங்கவும் முடியாமல், நீளவும் முடியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, மூலையில் தனியாகச் சாத்தியிருந்த ஒன்றைக் காட்டியது. நல்ல தேக்குக் கட்டை. கருகருவென்று எண்ணெய் மின்னும் குழல்.

ரைட்டர் அதைப் பார்த்தார். அரங்கநாதனைப் பார்த்தார்.

"இதுவா? நிச்சயமா?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கே அரங்கநாதன் ஆடிப்போயிருப்பார். அன்றைக்கு அவர் கண்முன்னே பன்றிக்குட்டிகள் ஓடின.

"நிச்சயமா இதுதாங்க. என் புள்ளை மாதிரிங்க."

ரைட்டர் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். வரும்போது ஒரு முக்காலியை எடுத்துவந்து போட்டார்.

"உக்காருங்க. இதுல நம்பரைக் காணோமே?"

தொலைந்தோம் என்று நினைத்தார் அரங்கநாதன். ஆனால் வாய் அவரை முந்திக்கொண்டது. தானேதான் தேய்த்ததாகச் சொன்னார். எண்ணெய் போட்டுத் தினமும் தேய்த்ததில் நம்பர் அழிந்திருக்க வேண்டும் என்றார்.

"நீங்களேதான் தேய்ச்சீங்களா?"

"வேற யாரையும் தொடவிட மாட்டேனுங்க."

ரைட்டர் முகம் மலர்ந்தது. ஒரு சின்ன சங்கடம்தான், ஊரிலிருந்து நல்ல மனுஷர்களாக இரண்டு சாட்சிகளைக் கூட்டி வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அரங்கநாதன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அடுத்தவங்க பொருளு. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவரும் படுத்தார். விடிந்து கொல்லைக்குப் போனால், கிணற்றை ஒட்டிய பாத்தி முழுக்கக் காலி. உண்மையை அறுவடைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

சாட்சிக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கொல்லைக்காரன் மாரியப்பனின் மல்லாட்டையையும் பன்றிகள் விட்டுவைக்கவில்லை. அவன் உடனே கிளம்பிவிட்டான். பழைய மணியக்காரர் கிருஷ்ணசாமியைத் தேடி, வேலை போனதிலிருந்து யாரும் எதற்கும் வந்ததில்லை. கூப்பிட்டதும் சட்டை மாற்றிக்கொண்டு, ஊரைத் தாண்டும் முன்பே கதர்த்துண்டையும் மடித்துப் போட்டுக்கொண்டார். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் அதுதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே மூவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

இந்த முறை ஆபீசில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. பின்னாலேயே பன்னும் வந்தது. துப்பாக்கி நன்றாக இருந்தால் மரியாதை தானாக வருகிறது என்று அரங்கநாதன் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்தக் கம்பி கட்டியதை வைத்துக்கொண்டு வீணாகிவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

ரைட்டர் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார்.

"இது இவரோடதுதானா?"

"என் கண்ணால பாத்துக்கினு இருக்கேன்" என்றார் மணியக்காரர். "இவர் தோள்ல இது இல்லாம ஒரு நாள் நான் பாத்ததில்லை."

"யாருக்காவது இரவல் குடுத்திருப்பாரா?"

"பெத்த அப்பனுக்கே குடுக்கமாட்டாரு சார்" என்றான் மாரியப்பன்.

"நல்லாச் சுடுவாரா?"

அரங்கநாதன் சுட்டு ஒரு காக்கை செத்ததில்லை. மாரியப்பன் தயங்கவே இல்லை. "ஓடறதைச் சுடுவாரு சார். இருட்டுல சத்தத்தை வச்சே சுடுவாரு."

ரைட்டர் சிரித்தபடி அரங்கநாதன் பக்கம் திரும்பினார். "உங்க ஊரோட சரியா, இல்ல விக்கிரவாண்டிப் பக்கமெல்லாம் வேட்டைக்குப் போறது உண்டா?"

போனதில்லை என்று சொன்னால் இவ்வளவு பெரிய துப்பாக்கிக்கு அவமானமாகப் போய்விடும் என்று அரங்கநாதனுக்குப் பட்டது.

"மாசத்துக்கு ஒருக்கா போவேனுங்க. போன வருஷம்கூட போனேன்."

எல்லாவற்றையும் எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மணியக்காரர் பழைய பழக்கத்தில் பதவியையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு நினைவு வந்து அடித்தார். உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரே வெளியே வந்து அரங்கநாதனின் தோளில் கைபோட்டார். பஸ்ஸில் துப்பாக்கியோடு போனால் ஜனங்கள் பயப்படும், ஜீப்பிலேயே போய்விடலாம் என்றார்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றி முன்சீட்டில் வைத்தார்கள். அரங்கநாதன் பின்னால் ஏறினார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கான்ஸ்டபிள் மரியாதையாக நெருக்கி உட்கார்ந்தார்கள். சாட்சிகளுக்கு வேறொரு வண்டி வந்து நின்றது. மாரியப்பன் அதிலிருந்து கையாட்டினான். ஜீப்பிலே ஊருக்குள் இறங்கும்போது தையல்நாயகியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார் அரங்கநாதன். பன்றிகளுக்கும் யாராவது தகவல் சொன்னால் தேவலை.

ஜீப் கடைத்தெருவைத் தாண்டி வேறு பக்கம் திரும்பியது. அரங்கநாதனுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. தனக்குத்தான் திசை தெரியவில்லையோ என்று கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"திண்டிவனம் ரோடு அந்தப் பக்கம் இல்லீங்களா தம்பி?"

டிரைவர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்:

"நாம கோர்ட்டுக்குப் போறோம்; போன வருஷம் விக்கிரவாண்டிகிட்ட எங்க இன்ஸ்பெக்டர் ஐயாவோட ஜீப்பைச் சுட்டவன் போட்டுட்டு ஓடின துப்பாக்கிண்ணே அது, இத்தனை நாளா ஆளும் கிடைக்கல, சாட்சியும் கிடைக்கல, ரெண்டையும் நீங்களே பஸ் ஏத்திக் கூட்டிக்கினு வந்துட்டீங்க."